கொள்ளு காய்ந்த ரோட்டில் ஒரு சொல்

சித்தூர் நீதிமன்றம் ஒன்றில் பெஞ்சு கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்கு எண்களைக் கூப்பிடுவதும் கட்டுகளைப் பிரித்து மேலே நீட்டுவதும் என் வேலை. அங்கே என் காதில் அதிகம் விழுந்த சொல் எது என்று கேட்டால், 'அஜாக்ரத்த' என்று சொல்வேன். தெலுங்குச் சொல். ஆங்கிலத் தீர்ப்புகளில் நெக்லிஜென்ஸ் என்று இருக்கும். தமிழில் கவனக்குறைவு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அசால்ட்டு என்பார்கள். நீதிமன்றத்தில் அசால்ட்டு என்றால் அடிதடி, அது வேறு அதிகாரம். லாரிக்காரர்கள், மின்சாரக் கம்பி அறுந்த ஊர்க்காரர்கள், கிணற்றுக்குச் சுவர் கட்டாதவர்கள் எல்லோரும் இந்த ஒரு சொல்லுக்குள் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். இப்போது சட்டப் புத்தகத்தையே மாற்றிப் பிரிவுகளின் எண்களை எல்லாம் கலைத்துவிட்டார்கள். மனப்பாடமாக இருந்த எண்கள் போனதில் எனக்குப் பெரிய எரிச்சல். சொல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சட்டத்தில் அதற்கு மூன்று கால்கள். ஜாக்கிரதையாக இருக்கவேண்டிய கடமை ஒருவனுக்கு இருந்ததா? அதில் தவறினானா? தவறியதால்தான் மற்றவனுக்குக் கேடு வந்ததா? மூன்றில் ஒரு கால் இல்லை என்றாலும் வழக்கு நிற்காது. தவறினானா என்று அளப்பதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: சாதாரண அறிவுள்ள மனிதன் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று பார்ப்பது. இந்த மனிதனைத் தீர்ப்புகளில் நான் நூற்றுக்கணக்கான தரம் சந்தித்திருக்கிறேன். அவன் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ரோட்டைக் கடப்பான். கிணறு வெட்டினால் அன்றைக்கே முள்வேலி போடுவான். கூண்டில் ஏறி அவன் நின்று நான் பார்த்ததில்லை.

அவன் மாதிரி இருக்கத்தான் நான் முயன்றேன். காஸ் சிலிண்டரின் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் வீட்டைப் பூட்டமாட்டேன். பூட்டிய பின் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறினால் என் பைகளை எண்ணுவேன். எண்ணி முடித்தும் மனம் அடங்காவிட்டால் எதிர் சீட்டுக்காரரின் பைகளையும் எண்ணுவேன். என் மனைவி இருந்தவரை இதைப் பொறுத்துக்கொண்டாள். இப்போது கேலி செய்ய ஆள் இல்லை.

போன தை மாதத்தில் ஒரு நாள் காலை, காபி ஆறுவதற்குள், ஊரிலிருந்து என் தம்பியின் மனைவி போன் செய்தாள்.

"மாமா, நம்ம கல்லு மேல யாரோ பைக்குக்காரன் வந்து வுழுந்துட்டானாம். உங்க தம்பி ஒண்ணும் துன்னாம குந்திக்கினு கீறாரு. நீங்க கொஞ்சம் வாங்க."

"நம்ம கல்லா? எந்தக் கல்லு?"

"ரோட்டுக் கல்லு மாமா. கொள்ளுக்கு வச்சமே, அது."

"ஆளு எப்படி இருக்கான்?"

"உசுருக்கு ஒண்ணும் இல்லியாம். காலு ஒடஞ்சி போச்சாம். திருப்பதிக்குத் தூக்கினு போய்ட்டாங்க."

எங்கள் ஊர் பாலசமுத்திரம் போகும் பாதையில் இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு, அதில் சொந்தக் களம் உள்ள வீடு மூன்று. மீதி முப்பத்தொன்பது வீட்டுக்கும் களம் தார் ரோடுதான். கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து ரோட்டில் பரப்பிவிட்டால் போதும். பஸ்ஸும் டிராக்டரும் பள்ளிக்கூட வேனும் அதன்மேல் ஏறி இறங்கிக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். மதியத்துக்குமேல் பொட்டுத் தோலை உதறித் தள்ளிவிட்டு, மணியை ரோட்டின் ஒரு ஓரமாகக் கூட்டிக் காயப்போடுவார்கள். அதன்மேல் வண்டி ஏறாதிருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். பரப்பும்போது வண்டி வேண்டும், கூட்டிய பிறகு வேண்டாம். அதற்காகத்தான் கல்.

அந்தக் கற்கள் யாருடையவையும் அல்ல. ரோடு போட்ட காலத்தில் காண்ட்ராக்டர் விட்டுப் போன கருங்கற்கள். ஒருவர் தூக்கிவந்து வைப்பார். அவர் அள்ளிக்கொண்டு போனதும் அடுத்தவர் அதே கல்லுக்குள் தம்முடையதைக் கொட்டுவார். தை, மாசி முழுக்கக் கல் இருக்கும் இடத்திலேயே இருக்கும், நடுவில் இருக்கும் தானியம் மட்டும் வீடு மாறும். கொள்ளு இருக்கும்போது கல் நன்றாகத் தெரியும். கொள்ளை அள்ளிய பிறகு, கறுப்புத் தாரில் கறுப்புக் கல், இருட்டியதும் தெரியாது. இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள். ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் தாமாகவே வலப்பக்கம் ஒதுங்கிவிடுவார்கள்.

விழுந்தவன் ஊர்க்காரன் அல்ல.

நான் போய் இறங்கியபோது கற்கள் ரோட்டை விட்டு ஓரத்துக்கு வந்திருந்தன. எண்ணினேன், பதினொன்று. ஒன்றில் மட்டும் சிவப்புப் பெயின்ட் கீறல். தம்பி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன், படிப்பில் நாட்டமில்லாமல் நிலத்தோடு நின்றவன்.

"நேத்து சாயந்திரம் மூட்டை கட்டிட்டு எடுக்கலாம்னுதான் குனிஞ்சேன் ணா. இவன்தான் வுடுன்னான்."

இவன் என்றது எங்கள் பங்காளியை. பக்கத்து நிலத்துக்காரன், அடுத்துத் தன் கேழ்வரகைக் காயப்போட இருந்தவன், அவனும் அங்கேதான் நின்றான்.

"ஆமாண்ணா, நான்தான் சொன்னேன். காலைல கேவுரு கொட்டப் போறேன், எடுத்துட்டு மறுபடி எவன் தூக்கறதுன்னேன். இதுல இன்னா கேசு? காலங்காலமா இங்கதான போட்டுக்கினு கீறோம்? கலெக்டரு காரே நம்ம கொள்ளு மேல ஏறித்தான போச்சு? அவரே ஒண்ணும் சொல்லல. இவன் வேகமா வந்திருப்பான். பார்க்க யாரு இருந்தாங்க?"

தம்பி மனைவி முறத்தைக் கீழே வைத்தாள். "ஏம்பா, நேத்து கல்லு இருக்கட்டும்னு சொன்ன வாயி, இன்னிக்கு வேகம்னு சொல்லுது. ஒனக்கு கேவுரு காஞ்சா போதும்."

"இல்ல அண்ணி, நான் சட்டத்தைச் சொல்றேன்."

"சட்டத்துக்குத்தான் அவரு வந்து நிக்கறாரே. நீ கம்முனு இரு."

எனக்குச் சங்கடமாக இருந்தது. பங்காளி சொன்னது சட்டப்படி அவ்வளவு மோசமான வாதம் இல்லை. முப்பத்தொன்பது வீடு ஒரு காரியத்தைச் செய்தால், அந்த ஊரின் சாதாரண அறிவுள்ள மனிதனும் அதைத்தானே செய்வான்? ரோட்டில் வருபவனுக்கும் பார்த்து வரும் கடமை உண்டு. வேகம் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டால், சாட்சியும் இல்லாத இடத்தில், வழக்கு தம்பியின்மேல் திரும்பவே திரும்பாது.

மத்தியானம் ஒரு போலீஸ்காரர் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார். விழுந்தவனைப் பற்றி அவர்தான் சொன்னார். ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறவன். விடுமுறைக்குத் தன் ஊருக்கு வந்துகொண்டிருந்தான். எங்கள் ஊரைத் தாண்டிப் பத்துக் கிலோமீட்டர். கம்பெனியிலிருந்து ஸ்டேஷனுக்கு ஏற்கெனவே போன் வந்துவிட்டதாம். விபத்து அவனுடைய அஜாக்ரத்தையால்தான் என்று போலீஸ் காகிதத்தில் இருந்தால் இனி அவன் கையில் வேனைக் கொடுக்கமாட்டார்களாம்.

அப்போதுதான் விஷயம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தச் சொல் யார்மேலாவது விழுந்தாக வேண்டும். அவன்மேல் விழுந்தால் பிழைப்பு போகும். என் தம்பிமேல் விழுந்தால் வழக்கு.

மறுநாள் நானும் தம்பியும் திருப்பதிக்குப் போனோம். பார்த்துவிட்டு வருவதுதான் முறை என்று தம்பி சொன்னான். நான் வேறொன்றையும் நினைத்திருந்தேன். அந்தப் பையனிடம் பக்குவமாகப் பேசி, 'இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை' என்று சொல்ல வைத்துவிட முடியுமா என்று. இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். பஸ் முழுக்க மலைக்குப் போகும் கூட்டம். மஞ்சள் துணிப் பைகள் மட்டும் பதினேழு. இறங்கிச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எலும்பு வார்டில் இருபத்து நாலு கட்டில். ஜன்னலோரத்தில் அவன் படுத்திருந்தான். முப்பது வயது இருக்கும். இடது கால் மாவுக்கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவன் அம்மா தரையில் துணி விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"யாரு நீங்க?" என்றாள்.

என் இரண்டு வாக்கியத்தில் முதலாவதை நான் தொடங்கும்முன் தம்பி சொல்லிவிட்டான்.

"அந்தக் கல்லு வச்சவன்மா."

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். நான் சாத்துக்குடிப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உக்காருங்க," என்றாள் கடைசியில். உட்கார்ந்ததும் தொடங்கினாள். "கல்லு வைக்கத் தெரியுது, எடுக்கத் தெரியாதா? நாங்களுந்தான் ரோட்டுல போடறோம். ஒரு கல்லு வுட்டுட்டு வந்தா எங்க மாமியாரு அன்னிக்கு சோறு போடமாட்டா. தெரியுமா ஒங்களுக்கு?"

"ம்மா, வுடு," என்றான் பையன். "போன வருசம் நாமளும் ரெண்டு கல்லு வுட்டோம்."

"அது ஓரத்துல கெடந்தது. நீ சும்மா இருடா. காலு ஒடஞ்சும் ஒனக்கு பேச்சு கொறையல."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். தம்பியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்துவிட்டான். அவளுக்கும் கோபம் கொஞ்சம் இறங்கியது. சாத்துக்குடியை வாங்கிக்கொண்டாள்.

எப்படி விழுந்தாய் என்று நான் கேட்டேன். எதிரில் டிராக்டர் வந்தது, கண்ணில் வெளிச்சம் அடித்தது, இடது பக்கம் ஒதுங்கினேன், அவ்வளவுதான் தெரியும் என்றான். "நாப்பதுல வந்துக்கினு இருந்தேன் பெரிப்பா. அதுக்கு மேல இல்ல. வேன்லகூட நான் வேகமா போறவன் இல்ல. பின்னால இருபத்தாறு பேரு தூங்கிக்கினு வருவாங்க."

"கம்பெனில என்ன சொல்றாங்க?"

"மேனேஜரு, போலீஸ் பேப்பரு கொண்டா, பாக்கறேன்னாரு. என் தப்புன்னு இருந்தா ஸ்டோருல குந்தி அட்டைப் பொட்டி எண்ணுன்னுட்டாரு."

எண்ணுவதை நான் ஒரு தண்டனையாக நினைத்ததில்லை. அவன் அதைச் சொன்ன விதத்தில் அது தண்டனையாகத்தான் இருந்தது. மெக்கானிக் கடையில் இருந்து, கிளீனராக இருந்து, பேட்ஜ் வாங்கி, ஏழு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய கை. அந்தக் கையைப் போர்வைக்கு மேலே வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"காசு பணம் ஒண்ணும் வேணாம் ணா," என்றாள் அவன் அம்மா, என் தம்பியைப் பார்த்து. "வேகமா வந்தான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

இரண்டாவது வாக்கியத்தையும் நான் சொல்லவில்லை. அதற்கு அங்கே இடமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். காணிப்பாக்கம் விலக்கு தாண்டியபின் கேட்டான்.

"என் மேல வுழுந்தா இன்னா ஆவும் ணா?"

"கோர்ட்டுக்கு வரணும். அபராதம் போடுவாங்க. ஜெயில்னும் எழுதியிருக்கு, இதுக்கெல்லாம் யாரும் போடமாட்டாங்க."

"நிச்சயமா தெரியுமா?"

"நிச்சயம்னு எதுவும் கிடையாது. நான் பார்த்தவரைக்கும் போட்டதில்ல."

அவனை இலேசாக்கலாம் என்று, தவறைப் பங்கு போடுவதும் உண்டு என்று சொன்னேன். நஷ்டஈட்டு வழக்குகளில் உன்மேல் இவ்வளவு, அவன்மேல் இவ்வளவு என்று நீதிபதி பிரித்து எழுதுவார். போலீஸ் கேஸில் அப்படி இல்லை என்றாலும், பேச்சுக்கு அதையும் சொல்லிப் பார்க்கலாம்.

"கொள்ளா அது, மரக்கால்ல அளந்து பங்கு பிரிக்க? கல்லை நான் வச்சேன். அவன் வுழுந்தான்." பிறகு, "நீயே எழுதிக் குடு ணா. தெலுங்குல எனக்கு ஒழுங்கா வராது," என்றான்.

மறுநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினேன். அந்தச் சொல்லைப் போடாமல் எழுத வேண்டும் என்று எனக்கு ஏனோ ஒரு பிடிவாதம். மாலையில் கொள்ளை அள்ளினேன், கற்களை எடுக்கவில்லை, இருட்டிய பின் இன்னார் அதில் மோதி விழுந்தார், ரோட்டில் விளக்கு இல்லை. நான்கு வரி. எஸ்.ஐ. படித்தார்.

"கல் யாருது?" என்று தம்பியைக் கேட்டார்.

"ரோட்டுது சார். கடைசியா எடுக்காம வந்தவன் நான்."

பங்காளியின் பேரை அவன் எடுக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பங்காளி நின்றுகொண்டுதான் இருந்தான், கூப்பிட்டால் வருவதற்கு. கூப்பிடவில்லை.

"ரைடர் மேல தப்பு ஏதாவது?"

"இல்ல சார்."

எஸ்.ஐ. என்னிடம் திரும்பி, நீங்கள் கோர்ட்டில் இருந்தவர்தானே, அந்த வார்த்தை இல்லாமல் பிரிவு போட முடியாதே என்றார். இரண்டாம் வரியின் மேலே செருகல் குறியாக ஒரு கூரை வரைந்து அவரே அதைச் சேர்த்தார். தம்பி அதன்கீழ் கையெழுத்துப் போட்டான்.

வழக்கு எண் ஆகி, சம்மன் வந்து, சித்தூர் நீதிமன்றத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டபோது வெயில் காலமும் போய்விட்டது. அதே கட்டடம், அதே ஹால். மின்விசிறிகள் முன்பு ஆறு, இப்போது எட்டு. நீதிபதி இளவயதுப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், என்னைத் தெரியாது. அது நல்லது என்று பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். எங்கள் வக்கீல் காலையில் இரண்டு தரம் தம்பிக்குப் பாடம் சொல்லியிருந்தார்: ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார்கள், ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரே வார்த்தை, அதற்குமேல் வாயைத் திறக்காதே.

நீதிபதி குற்றச்சாட்டைத் தெலுங்கில் படித்தார். பொது ரோட்டில் அஜாக்ரத்தையாகக் கற்களை விட்டுச் சென்று ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தியதாக. ஒப்புக்கொள்கிறீர்களா?

"அஜாக்ரத்த இல்லம்மா," என்றான் தம்பி.

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி தெலுங்கும் தமிழுமாகச் சொன்னான். "நான் மறந்துட்டு வரலம்மா. அசால்ட்டா வுட்டுட்டும் வரல. தெரிஞ்சேதான் வச்சுட்டு வந்தேன். காலைல மறுபடி அங்கதான் கல்லு வேணும். யோசிச்சுதான் வச்சேன்."

தெரிந்தே வைத்தேன் என்பது இன்னும் பெரிய குற்றத்தின் மொழி. வக்கீல் எழுந்து "யுவர் ஆனர்" என்று ஏதோ தொடங்கினார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார்.

"யோசிச்சீங்க. அப்ப யாரை யோசிச்சீங்க?"

"காலைல கேவுரு கொட்டறவனை. கல்லு தூக்கறப்ப எங்க வீட்டுக்காரிக்கு இடுப்பு புடிச்சுக்கும், அவளை."

"இருட்டின பிறகு அந்த ரோட்டில வர்றவங்களை?"

தம்பி நின்றான். பதிலைத் தேடவில்லை, நினைத்துப் பார்த்தான். அவன் நினைத்துப் பார்ப்பது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"இல்லம்மா. அவங்களை யோசிக்கல."

"அதுக்குப் பேருதான் அஜாக்ரத்த."

"அப்டீன்னா ஒத்துக்கறேன்," என்றான்.

அத்தனை வருஷம் அந்த மேடைக்குக் கீழே உட்கார்ந்து மூன்று கால், மூன்று கால் என்று கேட்டவன் நான். மறதியும் அசட்டையும்தான் அந்தச் சொல் என்று பாதி நினைத்தே காஸ் குமிழைத் தொட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. எதையும் மறக்காத ஆளும் அதற்குள் வரலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

தண்டனை: அபராதம், அதோடு நீதிமன்றம் எழும்வரை சிறை. அதாவது, அன்றைய வேலை முடிந்து நீதிபதி எழுந்து போகும்வரை குற்றவாளி ஹாலை விட்டுப் போகக்கூடாது. தம்பி பின் பெஞ்சில் உட்கார்ந்தான். கதவருகே ஒரு போலீஸ்காரர். இந்தத் தண்டனையை எத்தனையோ பேருக்குப் பதிவு செய்திருக்கிறேன்; அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது முதல் தடவை.

இடைவேளையில் தம்பி மனைவி டிபன் பாக்ஸோடு கதவண்டை வந்து நின்றாள்.

"அவரு இப்ப கைதியாங்க?" என்று போலீஸ்காரரைக் கேட்டாள்.

"ஆமாம்மா. சாயந்திரம் வரைக்கும்."

"கைதின்னா துன்னக்கூடாதா?"

"துன்னலாம்மா. ஓடக்கூடாது, அவ்ளோதான்."

"அவரு எங்க ஓடறது? பஸ்ஸுக்கே ஓடமாட்டாரு."

போலீஸ்காரரின் அனுமதியோடு, அவர் கண்ணெதிரே வராந்தாவில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டோம்.

மறுபடி நீதிமன்றம் கூடியபோது அந்த டிரைவர் பையன் வந்தான். அவனுக்கும் சாட்சி சம்மன் போயிருந்தது. சாட்சிக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்ததாம். நடையில் இன்னும் கொஞ்சம் சாய்வு இருந்தது. காக்கிச் சட்டை போட்டிருந்தான், பையில் பேட்ஜ். நேராக வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொள்ளு எவ்ளோ வந்துது பெரிப்பா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நாலு மூட்டை."

"பரவால்ல, நல்லா வந்துகீது. எங்களுக்கு ரெண்டுதான்."

"காலு?"

"கிளச்சு மிதிக்கறப்ப லேசா இழுக்குது. போகப்போக சரியாப் பூடும்."

இருவரும் அப்படியே உட்கார்ந்து யாருடையதோ எல்லைத் தகராறு வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் எழுந்தான்.

"நான் கெளம்பறேன். சாயந்திர ஷிப்டுக்கு வண்டி எடுக்கணும்."

"பாத்து..." என்று தொடங்கிய தம்பி, ஒரு டிரைவரிடம் அதைச் சொல்வதா என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்திக்கொண்டான். "போய்ட்டு வாப்பா," என்றான். வாசல் வரை கொண்டுபோய் விடுவதற்காக எழுந்தான். கதவருகே இருந்த போலீஸ்காரர் உள்ளங்கையைக் கீழே காட்டினார். தம்பிக்கு நினைவு வந்தது, உட்கார்ந்தான்.

பையன் படியில் ஒவ்வொரு காலாக இறங்கிப் போவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கூப்பிட வேண்டிய வழக்குகள் இன்னும் பதினான்கு இருந்தன. நானும் தம்பியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.